மகளுக்காக நான் தீட்டிய நான்கு பருவத் திட்டம்

மகளைக் கலை வரலாற்றில் முதுகலை படிக்க வைப்பதென்று ஒரு வியாழக்கிழமை காலை, பாராயணம் முடித்து எழுந்த கையோடு முடிவு செய்தேன். இறைவனிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. மனைவியிடமும் மகளிடமும் தெரிவிக்கவில்லை. அவர்கள் சொல்லக்கூடியவர்கள்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே திட்டமும் வரைபடமாகவே உருக்கொண்டது. சாப்பாட்டு மேசையை முழுதும் மூடும் தாள். நான்கு பருவங்களுக்கு நான்கு மைகள். முதற்பருவம்: படைப்பைப் பார்க்கும் முறைகள். இரண்டாம் பருவம்: ஓர் அயல்மொழி. மூன்றாம் பருவம்: அருங்காட்சியகத்தில் பயிற்சி, ஆய்வுப் பொருள் தேர்வு, நெறியாளரின் மனம் கோணாதிருத்தல். நான்காம் பருவம்: ஆய்வேடு. இவற்றுக்கெல்லாம் வாயிலாக, இடது ஓரத்தில் ஒரு செந்நிற அம்பு: நுழைவுத் தேர்வு. அதை மட்டும் மூன்று முறை அளந்து பார்த்த பிறகே வரைந்தேன்.

அன்று மாலை மகள் கையெல்லாம் கிரீஸுடன் வந்தாள். அவள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.

"என்னப்பா இது? நம்ம வீட்டைப் பங்கு போடறீங்களா?"

"உன் எதிர்காலம், அம்மா."

"அதுக்கு ஏன் இவ்ளோ அம்பு? நான் தப்பிச்சுப் போயிடுவேன்னா?"

"கலை வரலாறு படித்தால் மனிதன் உயர்வான்."

"நான் தினமும் பதினாலு மாடி உயர்றேன்பா. சாப்பிட இடம் விடுங்க."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து, மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்து, நான்கு பருவங்களையும் படித்தாள். சிவப்பு அம்பின் அருகே சற்று நின்றாள். நான் போருக்கு ஆயத்தமானேன்.

"நல்ல திட்டம்ங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருமண வாழ்வில் என் திட்டமொன்றுக்குக் கிடைத்த முதல் ஒப்புதல் அது. ஐயப்பட்டிருக்க வேண்டும். நெகிழ்ந்துவிட்டேன்.

"ஆனா இவளுக்கு நாலு வரி சேர்ந்தாப்பல எழுத வராது. ஏன் சேர விரும்பறீங்கன்னு ஒரு கட்டுரை கேப்பாங்களே, அதை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. மத்ததை நானும் இவளும் கம்ப்யூட்டர்ல பாத்துக்கறோம்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி," என்றாள் தாய். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு கை கழுவப் போனாள்.

இவ்விடத்தில் பழைய செய்தியொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆகாமற்போன கதை எங்கள் வீட்டில் முப்பத்தாறு ஆண்டுகளாக ஓதப்பட்டு வந்தது. விருந்தினர் கேட்டிருக்கிறார்கள். குழாய் சரிசெய்ய வந்தவர், அடைப்பை மறந்து கேட்டிருக்கிறார். "படிப்பில் சேர்ந்தேன், கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது" என்று பெருமூச்சுடன் முடிப்பேன். அப்போதெல்லாம் என் மனைவி காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுத்துப் பேசியதில்லை. மறுக்கும் தகுதி இவ்வுலகில் அவள் ஒருத்திக்கே இருந்தது.

ஏனெனில் நிகழ்ந்தது வேறு. முதற்பருவ இறுதியில் ஸ்லைடுத் தேர்வு. இருண்ட கூடத்தில் திரையில் ஒரு சிற்பம் தோன்றும். மூன்று நிமிடங்களில் அதை வருணித்து, காலமும் இடமும் எழுத வேண்டும். சிறுவயது முதல் பக்தி நூல்களில் தோய்ந்தவன் நான். திருமேனியைத் திருவடி தொடங்கித் திருமுடி வரை பாடும் மரபு என் எலும்பில் ஊறியிருந்தது. முதற்சிற்பம் தோன்றியதும் கால்விரல் நகங்களில் தொடங்கினேன். கணுக்காலை அடையும்போது படம் மாறியது. அடுத்ததில் முழங்கால் வரை முன்னேறினேன். ஐந்து படங்கள் வந்து போயின. ஐந்தின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. யாருடைய கால்கள் என்று தெரியாமலேயே எண்ணற்ற கால்களைப் போற்றிவிட்டு எழுந்தேன். விடைத்தாளில் பேராசிரியர் எழுதியது: "செருப்புத் தைக்கத் தகுதி உண்டு."

அன்று புரொஜக்டர் அருகே முக்காலியில் அமர்ந்து படங்களை மாற்றியவள் ஸ்லைடு அறைப் பொறுப்பாளர். இரட்டைப் பின்னல், சூடேறிய தூசியின் மணம், 'டக்' என்று தகடு விழும் ஓசை. நான்காவது படத்தை மட்டும் அவள் மாற்றாமல் ஐந்து நிமிடம் வைத்திருந்தாள். "படம் சிக்கிடுச்சு சார்" என்று பேராசிரியரிடம் பொய் சொன்னாள். அந்த அருளையும் நான் பாதசரத்திலேயே செலவிட்டேன்.

படிப்பை விட்டு நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தேன். அதே ஆண்டு, எனக்காகப் பொய் சொன்னவளையே மணந்தேன். அவளே என் மனைவி.

ஆகவே கட்டுரை எழுத அமர்ந்தபோது மகளை மறந்தேன். அந்தக் கூடத்தை எழுதினேன். புரொஜக்டரின் ஒளிக்கற்றையில் மிதந்த தூசுகளை எழுதினேன். கல்லில் ஒருவன் செதுக்கிய புன்னகை பல நூற்றாண்டு கடந்து நம்மை வந்தடைவது எங்ஙனம் என்பதை அறியாமல் கண்மூடக் கூடாது என்று எழுதினேன். மனைவி வாசித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"இதை ஒரு வரியும் மாத்தக் கூடாது," என்றாள்.

அதன்பின் கேள்விகள் வந்தன.

"ஏங்க, தகப்பனோட பட்டச் சான்றிதழும் வேணுமாம்."

"பரம்பரையில் படிப்பு உண்டா என்று பார்ப்பார்கள்." பெருமையுடன் கொடுத்தேன்.

"தகப்பன் போட்டோ?"

"முகத்தில் என்ன பார்ப்பார்களோ!" என்றபடி தலைவாரி எடுத்துவந்து கொடுத்தேன்.

மூன்று வாரங்களில் கடிதம் வந்தது. உறையின்மேல் என் பெயர். தகப்பன் வழியாக மகளுக்கு அனுப்பும் மரியாதை என்று வியந்து பிரித்தேன். உள்ளேயும் என் பெயர். நுழைவுத் தேர்வாக நடத்தும் ஸ்லைடுத் தேர்வுக்கு வரும் செவ்வாயன்று நான் வர வேண்டுமாம்.

"இது மகளுக்கு வரவேண்டியது!"

"அவளுக்குப் போன மாசமே வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. அவ ஏன் போறா?"

"அறுபது வயதில் நான் வகுப்பில் உட்கார்ந்தால் சிரிப்பார்கள்!"

"வயசு வரம்பு இல்லைன்னு போட்டிருக்கு. நல்லாப் பாத்துட்டுதான் அனுப்பினேன்."

"முதுகு வலிக்கிறது."

"அங்க சாய்வு நாற்காலியாம். விசாரிச்சுட்டேன்."

வேறு வழியின்றி உண்மையைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். "மறுபடியும் தோற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது."

அவள் குரலும் தாழ்ந்தது. "தோத்தா தோத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தடவ பழி போட வேற பொண்டாட்டியத் தேடிக்கணும். நான் குறுக்கே வரல."

முப்பத்தாறு ஆண்டு ஓதிய கதை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. அவள் அருங்காட்சியகப் பட அட்டைகளைத் தூக்கிப் பிடிப்பாள். நான் குனிந்தால் அட்டையால் என் மோவாயை நிமிர்த்துவாள். "மேல பாருங்க! முகம் மேல இருக்கு! கால் எங்கயும் ஓடிடாது!"

செவ்வாயன்று அதே கூடம் இருண்டது. முக்காலியும் இல்லை, தகடு விழும் ஓசையும் இல்லை. கணினி சத்தமின்றிப் படம் மாற்றியது. முதற்சிற்பம் தோன்றியதும் முகத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. காலம் எழுதினேன், இடம் எழுதினேன். எஞ்சிய நேரத்தில் குனிந்து, யாருடையவை என்று நன்கு தெரிந்தே, திருவடிகளைத் தொழுதேன்.

தேறிவிட்டேன். முதல்நாள் வகுப்புக்குப் புறப்படுகையில் மனைவி பையில் பேனாக்களும் உணவுப் பெட்டியும் வைத்து, வாசலில் நின்று கையசைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. என் மீது இவ்வளவு நம்பிக்கையா என்று என் நெஞ்சு விம்மியது. தெருமுனையில் மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வரவே, ஓசையின்றித் திரும்பி வந்தேன்.

உள்ளே அவள் காலை நீட்டி அமர்ந்து, மகளிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்:

"அப்பாடா, கிளம்பிட்டாரு. ரிடையர் ஆனதிலேருந்து இன்னைக்குத்தான்டி வீடு வீடா இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். அதுக்கு மேல என்ன படிப்பு இருக்குன்னு இப்பவே விசாரிச்சு வை."