நிலாவை இடுப்பில் வைத்தவள்

கல்முனையில் ஓவியம் விளங்கிய ஒரே ஆம்பிளை நான்தான். இதை நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெயின்ட் கடை வைத்திருக்கும் ஷரிபுதீனுக்குத் தெரியாத நிறமா?

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், நிரோஜினி டீச்சர் பெண்களுக்குச் சித்திர வகுப்புத் தொடங்கினார். என் மனைவி பஸ்மினா போகட்டுமா என்று கேட்டாள்.

"கலை எனக்கு, உலை ஒனக்கு. விளங்கிச்சா?" என்றேன்.

"அப்ப தையல் வகுப்புக்குப் போகட்டா? அதுவும் அதே கட்டடத்திலதான்."

"அதுக்குப் போ."

மாதங்கள் போயின. ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லை. நான் சந்தேகப்படவே இல்லை. கலைஞன் சின்ன விஷயங்களைக் கவனிப்பதில்லை.

பிறகு சித்திரக் கண்காட்சி வந்தது. டீச்சரே கடைக்கு வந்தார்.

"ஒரு படத்துக்கு நீங்கதான் விளக்கம் சொல்லணும் சேர். கீறினவங்கட பேர மறைச்சு வெச்சிருக்கம்."

மண்டபம் நிறைய சனம். படத்தில் ஒரு பெண், நிலாவைக் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டு கடல்மேல் நடக்கிறாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"நிலா இவளுடைய ஆசை! ஏன் ஊருக்குள் நடக்கவில்லை? வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறான். கொடுமைக்காரன்!"

கைதட்டல். அதற்குப் பிறகு என் வாய் என்னுடையதாக இல்லை.

"இனி அவன் அடுப்படியில் நின்று சோற்றுக்கு ஆணம் காய்ச்சட்டும்! இவள் படம் கீறட்டும்!"

மண்டபம் அதிர்ந்தது. டீச்சர் ஒலிவாங்கியை வாங்கி, "கீறினவங்க மேடைக்கு வாங்க," என்றார்.

முன்வரிசையிலிருந்து பஸ்மினா எழுந்து வந்தாள்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் கேட்டேன்.

"நிலா ஒண்ட ஆசைதானே?"

"இல்லீங்க. சுனாமிக்குப் பொறகு கடற்கரைக்குப் போக எனக்குப் பயம். கையில வெளிச்சம் இரிந்தா போகலாம் எண்டு நெனச்சன். அவ்வளவுதான்."

கியரை மாற்றினேன்.

"அப்ப அந்தப் புருஷன்?"

"படத்தில புருஷன் எங்க இரிக்காரு? நீங்கதான் கூட்டி வந்தீங்க."

"டீச்சர் ஏன் என்னைப் பேசக் கூப்பிட்டா?"

"நான்தான் கூப்பிடச் சொன்னன். ஒங்களுக்குக் கைதட்டினா நிப்பாட்டத் தெரியா எண்டு சொன்னன்."

சந்தையடியில் என் தோளைத் தட்டினாள்.

"வெங்காயம் வாங்குங்க. ராவைக்கு ஆணம் நீங்கதானே?"

ஊரே கேட்ட பேச்சு. இறங்கினேன்.

"சின்ன வெங்காயமாப் பாத்து எடுங்க," என்றாள். "நீங்க உரிச்சு முடிக்கக்குள்ள நான் இன்னொரு படம் கீறிருவன்."