நிற்காமல் ஓடிய பதிமூன்று தாள்

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் இன்று என் பிழைப்பு. தேர்வில் எழுதிய புரோகிராமில் நான் அடித்த கூத்தை மட்டும் எந்த மாணவரிடமும் சொன்னதில்லை.

நகரியில் எங்களுடையது விசைத்தறிக் குடும்பம். தறி படுத்துவிட, நைனா, அதாவது அப்பா, குவைத்துக்கு டிரைவராகப் போனார். நான் பி.ஏ. முடித்துத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். கடைசித் தேர்வில் முதலாவதாக வந்தால் அங்கேயே வேலை. எனக்கு வேலை கிடைத்தால் நைனா திரும்பிவிடுவதாக வாக்கு. இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம். அவர் குரல் கேட்காத நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. (போன் வாரம் ஒருமுறைதான். ஆனாலும் ஆள் இளைக்கவில்லை.)

தேர்வில் ஒரு வரியைப் பத்து முறை அச்சடிக்க வேண்டும். ‘ஒன்றில் தொடங்கு, பத்து ஆகும்வரை அச்சடி’ என்று எழுதினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டச் சொல்லும் வரியை எழுதவில்லை. தறி ஓட ஓட மீட்டர் தானே எண்ணிக்கொள்ளும். பக்கத்தில் நின்று யார் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்? கம்ப்யூட்டர் தறியைவிடப் புத்திசாலி என்று நம்பிவிட்டேன். அச்சடிக்க நான் கொடுத்த வரி, ஆங்கில எழுத்தில், ‘நைனா வா’.

பிரிண்டர் கிர்ரென்று கிளம்பியது. ஒன்றோடொன்று ஒட்டிய தாள் மேசையை விட்டு இறங்கி, தரையில் தவழ்ந்து, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் தெலுங்குக்கார மாஸ்டரின் செருப்பைத் தொட்டது.

“ஏமிடம்மா இதி?” என்று ஓடிவந்தார்.

“எண்ணிக்கினுதான் சார் இருக்குது. பத்து வந்தா நின்னுடும்.”

“ஒண்ணுலயே நிக்குதேம்மா! கூட்டுன்னு எக்கட, எங்க சொன்ன நீ?”

பிளக்கைப் பிடுங்கினார். மொத்தம் பதிமூன்று தாள். வகுப்பே சிரித்தது. வேலை பக்கத்து நாற்காலிக்காரிக்குப் போனது.

பஸ்ஸில் அந்தத் தாள்களை மடியில் வைத்து நகரிவரை அழுதேன். அம்மா, குவைத்துக்குப் போகிறவரிடம் நைனாவுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த ஊறுகாய் டப்பாவை அத்தனை தாளிலும் சுற்றிவிட்டாள். என் மானம் கடல் கடந்தது.

இரண்டு வருஷம் கழித்து நைனா வந்தார். பெட்டிக்குள் பதிமூன்று தாளும் எண்ணெய்க் கறையோடு இருந்தன. கடைசித் தாளில் கொஞ்சம் தவிர, எல்லா வரியின்மேலும் பேனாக் கோடு.

“தெனம் ஒண்ணு அடிச்சிக்கினு வந்தேம்மா. நீ கூட்டாம உட்டத நான் கூட்டிக்கினேன்” என்றார்.

இப்போது நான் பெங்களூரில். “அடுத்த வாரம் வரேன் நைனா” என்று வாராவாரம் போனில் சொல்லும்போதெல்லாம், “ஒண்ணு கூட்டினாளான்னு கேளு!” என்று அம்மா பின்னாலிருந்து கத்துவாள். வீடே சிரிக்கும். கடைசித் தாளில் மிச்சமிருந்த வரிகளில் நைனா இப்போது எனக்காகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாராம்.