மாடிப்படியாக வந்த வயசு

வயசு படிப்படியாக வரும் என்பார்கள். பெயிண்டருக்கு மாடிப்படியாக வந்தது.

ஏணியில் தொங்கியபடி ஊரார் சுவருக்கெல்லாம் வண்ணம் அடித்தவர், சொந்த வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். யாராவது பார்த்துவிட்டால் சுவரைத் தடவி, "பூச்சு உரியுதே" என்பார். யாருக்கும் வளைந்து கொடுக்காத மனுஷன் என்று பேர் எடுத்தவர். இப்போது முட்டிக்கும் அந்தக் குணம் வந்துவிட்டது.

படுக்கையறை மாடியில். கீழே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் கிழவன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வயசாகப்போவது அவருக்கு இல்லை, மனைவிக்கு!

அன்றைக்கே ஆரம்பித்தார்.

"என்னம்மா, படியேறும்போது முகம் ஒரு மாதிரி ஆகுதே?"

"என் முகமே அப்படித்தான்."

"முட்டி வலிக்குதா?"

"இல்லையே."

"மறைக்காதே. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கா? நான் ஏணியிலேயே குடியிருக்கிறவன்!"

விடாமல் விசாரித்தார். ஒருநாள் காலையில் அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் படாதபாடு படும்போது மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க சொன்னது சரிதான். வலிக்குது. கீழேயே படுத்துக்கலாமா?"

பெயிண்டருக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம். வெளியே பெருமூச்சு. "உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கட்டிலைக் கழற்றி இறக்கியது மச்சினன். "அக்காவுக்கு முடியலப்பா" என்று அவனுக்கு விளக்கம் சொன்னது மட்டும் இவர்.

ஆனால், கீழே வந்து படுத்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே வலிக்கிறதோ? இத்தனை வருஷம் இந்த வீட்டுக்காக ஓடிய கால்கள். வலிக்குதா என்று நிஜமாக ஒருதரமாவது கேட்டிருக்கிறோமா? கேட்டதெல்லாம் பொய்க்கு. அதை நினைக்க நினைக்க அவருக்கு என்னவோ போலிருந்தது.

மறுநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கடையில் இருப்பதிலேயே நல்ல தைலமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மொட்டை மாடியிலிருந்து கூடை நிறையத் துணியோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள் மனைவி. அவரைப் பார்த்ததும் நின்றாள்.

பெயிண்டர் தைலமும் கையுமாக நின்றார். "வலிக்குதுன்னு சொன்னியே..."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். தைலத்தை வாங்கி மோந்து பார்த்தாள். அவரைக் கடைசிப் படியில் உட்கார வைத்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டாள்.

"காலை நீட்டுங்க. எந்த முட்டி?"

"ரெண்டும்" என்றார் பெயிண்டர்.