அழுங்கு கண்டுபிடித்த சொறி மருந்து

ஒரு காட்டில் ஒரே சொறி. சிங்கம் முதல் சுண்டெலி வரை எல்லாருக்கும் வாலில் அரிப்பு. புளியமரத்தில் தேய்த்துக்கொள்ள ஒரு வரிசை, பாறையில் தேய்த்துக்கொள்ள ஒரு வரிசை. நம்பர் வருவதற்குள் பொறுக்க முடியாமல் முன்னால் நிற்பவர் முதுகில் தேய்த்துக்கொள்வார்கள், அதனால் தினமும் அடிதடி. வால் என்று ஒன்றை ஏன்தான் வைத்தானோ என்று கடவுளைத் திட்டாத பிராணி கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு மருந்தியல் ஆய்வுக் கழகமும் இருந்தது. அதில் சௌந்தரவடிவு என்று ஓர் அழுங்கு வேலை பார்த்தாள். உடம்பெல்லாம் செதில் செதிலாக, கரையானும் எறும்பும் தின்று, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமே, அந்தப் பிராணிதான். இதற்கா சௌந்தரவடிவு என்று பேர் எனக் கேட்காதீர்கள். பேர் வைத்தது பெற்றவர்கள், அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கழகம் அவளுக்கு ஒரு பெரிய கரையான் புற்றை ஒதுக்கியிருந்தது. வீடும் அதுதான், ஆய்வகமும் அதுதான், சாப்பாடும் அதுதான். பசித்தால் சுவரை நக்கினால் போதும். இப்படி ஒரு வேலை உங்களுக்கும் எனக்கும் கிடைக்குமா?

ஆனால் ஆள் பயங்கரமான உழைப்பாளி. ஆற்றோரத்தில் ஒரு கொடியைக் கண்டுபிடித்தாள். என்ன கொடி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஆளுக்கொரு அரிவாளோடு கிளம்பிவிடுவீர்கள். அதன் இலையை அரைத்துத் தடவினால் சொறி போய்விடும். பருவத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டால் திரும்பியும் வராது. அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையே மூன்று வரிதான். "அரைக்கவும். தடவவும். போய்விடும்." காடே தடவியது, காடே குணமானது. சிங்க ராஜா வெகு நாளைக்கப்புறம் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்.

அப்புறம் என்ன, அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நன்றாக நினைத்தீர்கள் போங்கள்.

மழை முடிந்ததும் ஆண்டு மதிப்பீடு வந்தது. இயக்குநர் தாண்டவமூர்த்தி ஒரு கடமான். கொம்பு இவ்வளவு பெரிசு, அதில் எப்போதும் ஏதாவது மாலையோ பொன்னாடையோ சிக்கித் தொங்கிக்கொண்டிருக்கும்.

"மேடம், உங்க கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க?"

இந்த இடத்தில் கழகத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேக்கு மரம் உண்டு. யாராவது தன் கட்டுரையில் 'இன்னார் சொன்னபடி' என்று எழுதினால், மரங்கொத்தி பறந்து வந்து இன்னாருடைய மரத்தில் ஒரு பொத்தல் போடும். பொத்தல் கூடக் கூடப் பெருமை கூடும். 'இன்னார் சொன்னது சுத்த அபத்தம்' என்று எழுதினாலும் பொத்தல் உண்டு, ஏனென்றால் மரங்கொத்திக்குப் பேரைத் தெரியும், படிக்கத் தெரியாது. சௌந்தரவடிவின் மரம் மொழுமொழு என்று இருந்தது.

"ஒண்ணும் இல்லை சார்," என்றாள்.

"ஏன் இல்லை?"

"எல்லாருக்கும்தான் குணமாயிடுச்சே சார்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்! ஏன் குணமாச்சு?" இயக்குநர் மேஜையில் குளம்பால் ஓங்கித் தட்டினார். "சொறியே இல்லேன்னா சொறியைப் பத்தி எவன் எழுதுவான்? எவன் உங்க பேரைச் சொல்லுவான்? ஒரு துறையே படுத்துக் கிடக்குது. அங்க பாருங்க, மனுஷன் அழறாரு."

மனுஷன் என்று அவர் சொன்னது மூலையில் உட்கார்ந்திருந்த கருமந்திப் பேராசிரியரை. அவர் மூக்கைச் சிந்தியபடி சொன்னார். "வால்சொறியின் ஆறாம் கட்டம், அதான் மேடம் என் வாழ்நாள் ஆராய்ச்சி. நீங்க முதல் கட்டத்திலேயே முடிச்சு விட்டுட்டீங்க. என் வயித்துல அடிச்சிட்டீங்களே மேடம்."

"ஏரிக்கு வந்த வாத்துங்க திரும்பிப் போறதுக்குள்ள உங்க மரத்துல பொத்தல் விழணும்," என்றார் இயக்குநர். "இல்லேன்னா அந்தப் புற்றை ஏகாம்பரம் சாருக்குக் கொடுத்துடுவோம். காப்பிப் பழம் காயவைக்க இடம் இல்லைன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காரு."

ஊரார் சொறியைப் போக்கியதற்கு வீட்டைப் பிடுங்குவார்களா? பிடுங்குவார்கள். சௌந்தரவடிவு நேரே ஏகாம்பரத்திடமே போய் நின்றாள்.

ஏகாம்பரம் ஒரு மரநாய். கழகத்திலேயே பெரிய புள்ளி. அவருடைய தேக்கு மரம் இடியாப்ப அச்சு மாதிரி இருக்கும். இருந்தாலும் நல்ல மனசு. வந்தவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டார்.

"உங்க மருந்து யாரையாவது குணப்படுத்தியிருக்கா சார்?" என்று கேட்டாள் அவள்.

"சீச்சீ! வாய் கூசாம கேக்கறீங்களே மேடம். என் மருந்து வாலில் இருக்கிற சொறியைக் காதுக்கு மாத்தும். உடனே காதுச்சொறித் துறைன்னு ஒண்ணு பிறந்துச்சு. அவங்க அதை மூக்குக்கு மாத்தினாங்க. மூக்குக்காரங்க அக்குளுக்குத் தள்ளிட்டாங்க. அக்குள்ல ஆரம்பிச்சாலும் என் பேரைச் சொல்லித்தானே ஆரம்பிக்கணும்? நீங்க என்னடான்னா மொத்தமாத் துடைச்சு விட்டுட்டீங்க. நாலு பேருக்கு மிச்சம் வைக்க வேண்டாமா?"

"இப்ப நான் என்ன சார் செய்யறது?"

"ஒரு வெளிநாட்டுக்காரரைச் சேர்த்துக்கோங்க. அப்புறம் லேசா ஒரு சந்தேகத்தைக் கிளப்பி விடுங்க. அவ்வளவுதான்."

மறுநாள் அவள் ஏரிக்கரைக்குப் போனாள். அங்கே இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்து ஒன்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் கழகத்தில் பாதிப் பேர் கட்டுரையோடு வரிசையில் நின்றார்கள். எல்லாம் சர்வதேசக் கூட்டு ஆய்வு. ஒரு பிடி கோரைக்கிழங்கு கொடுத்தால் வாத்து தன் பேரைச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொள்ளும். சௌந்தரவடிவின் முறை வந்தது.

"என்ன ஆராய்ச்சி?" என்று கிழங்கை மென்றபடி கேட்டது வாத்து.

"சொறிங்க."

"எங்க ஊர்ல சொறியே கிடையாதே."

"பரவாயில்லைங்க."

"என் பேர்தான் முதல்ல வரணும். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கேன்! சரி, நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்?"

அதுதான் அவளுக்குச் சொல்ல வரவில்லை. புற்றுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தாள், நகம் ஓடவில்லை. பொய் எழுதிப் பழக்கமில்லாத ஜென்மம். சுவரை ஒரு நக்கு நக்கினாள். கரையான் நல்ல ருசி. இது நாளைக்கு இல்லையென்றால்? கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டாள். "தடவியவர்கள் எல்லாரும் குணமானது உண்மை. அது இந்த மருந்தால்தானா என்று அடித்துச் சொல்வதற்கில்லை. மேலும் ஆய்வு தேவை."

அவ்வளவுதான், கழகம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. புளியமரத்தில் தேய்த்ததால்தான் சொறி போனது, சௌந்தரவடிவு சொன்ன மருந்தால் அல்ல என்று கருமந்தி எழுதினார். தானாகவே போயிருக்கும், சௌந்தரவடிவு அவசரப்பட்டுவிட்டார் என்று கரடி எழுதியது. காட்டில் சொறியே இருந்ததில்லை, எல்லாம் மனப்பிராந்தி, சௌந்தரவடிவே ஒரு மனப்பிராந்தி என்று மயில் எழுதியது. ஆளாளுக்கு அவளைப் போட்டுக் கிழித்தார்கள். கிழித்த ஒவ்வொரு கிழிக்கும் ஒரு பொத்தல். மரங்கொத்தி அலகு மழுங்கி, மெடிக்கல் லீவில் போய்விட்டது. இயக்குநர் பொன்னாடை தொங்கும் கொம்போடு புற்றுக்கே வந்து, "கலக்கிட்டீங்க மேடம்," என்றார்.

வெளியே என்ன நடந்தது தெரியுமா? "படிச்சவங்களுக்கே சந்தேகமாம்ப்பா," என்று காட்டு ஜனங்கள் மருந்து தடவுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பருவம் வந்தது. சொறியும் வந்தது. மறுபடி புளியமரத்தில் வரிசை, பாறையில் வரிசை, அடிதடி. கழகத்து கேன்டீனில் மட்டும் கூட்டம் தாங்கவில்லை, வடை போட்டு மாளவில்லை.

இத்தனை களேபரத்தில் அவளும் தடவிக்கொள்ள மறந்துவிட்டாள். ஒருநாள் அவளுக்கே அரிக்க ஆரம்பித்தது. அழுங்குக்குச் சொறி வந்தால் அது தனிக் கொடுமை. செதிலுக்கு அடியில் அரிக்கும், நகம் போகாது, எந்த மரத்தில் தேய்த்தாலும் செதில்தான் தேயும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், காடு கண்ணயரும் நடுப்பகலில், தலையைக் குனிந்துகொண்டு ஆற்றோரத்துக்கு நழுவினாள்.

போய்ப் பார்த்தால் கொடியில் பாதி இலையைக் காணோம்!

அடியில் ஏகாம்பரம் உட்கார்ந்து இலை அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கருமந்தி வாலைத் தூக்கிப் பிடித்திருக்க, கரடி பூசிவிட்டுக்கொண்டிருந்தது. மயில் ஏற்கெனவே பூசி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தது. இயக்குநர் தாண்டவமூர்த்தி, கொம்பு கொடியில் வசமாகச் சிக்கிக்கொள்ள, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றார்.

"சார்?" என்றாள் சௌந்தரவடிவு.

"களப்பணி மேடம்," என்றார் இயக்குநர்.

கருமந்திக்கு மட்டும் மறைக்கத் தெரியவில்லை. "மரத்துல தேய்ச்சாப் போகும்னு எழுதினேனா, அதை நம்பி நானே தேய்ச்சேன் மேடம். தோல்தான் போச்சு."

சௌந்தரவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் கிழித்தாலும் வராத சந்தோஷம் அப்போது வந்தது. தன் மருந்தை எல்லாரும் நம்புகிறார்கள்! எழுத்தில்தான் நம்பவில்லை. அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். கரடி அவள் செதிலைத் தூக்கித் தூக்கிப் பூசிவிட்டது. சொர்க்கமாக இருந்தது.

"நாளைக்கு உங்க பாராட்டு விழா," என்று நினைவுபடுத்தினார் ஏகாம்பரம். "ராஜா வர்றாரு. எல்லாரும் மறக்காம சொறியணும்."

விழா நடந்தது. மேடை நிறைய அறிஞர்கள், கீழே காட்டு ஜனங்கள். மேலேயும் சொறிந்தார்கள், கீழேயும் சொறிந்தார்கள். கீழே சொறிந்தவர்களுக்கு ரத்தம் கசிந்தது. மேலே சொறிந்தவர்கள் வடை வந்ததும் நிறுத்திவிட்டு, தின்று முடித்து, மறுபடி ஆரம்பித்தார்கள்.

சிங்க ராஜா விருதைக் கொடுத்தார். பாவம், வால் நுனியில் முடியே இல்லை. தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் இரண்டும் சிவந்து கிடந்தது. மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அம்மா, நான் படிக்காதவன். எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லு. அந்த இலையை அரைச்சுத் தடவினா போகுமா, போகாதா?"

போகும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். சத்தியமாக எடுத்துவிட்டாள். அப்போது இயக்குநர் இருமினார். ஏகாம்பரம் அவளையே பார்த்தார். கருமந்தியின் கண்ணில் ஆறாம் கட்டம் மொத்தமும் தெரிந்தது. அவளுக்குப் புற்றுச் சுவர் நாக்கில் தித்தித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது, அதைவிடப் பசி பயம் பெரிதாக இருந்தது. மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய், கொஞ்சம்கூட அரிக்காத வாலைப் பரபரவென்று சொறிந்தாள்.

"எனக்கே இன்னும் போகலையே ராஜா!"

"ஐயோ தாயே, எங்களுக்காக உழைக்கிற உனக்கும் இதே அவதியா!" என்று ராஜா அங்கேயே அவளுக்கு இன்னொரு புற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புளியமரத்து வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

நீதி: குணமானாலும் கூட்டத்தில் சொறி.