மணி இல்லாமல் கூறை இல்லை

விதி எழுதுகிறவனுக்கு வரக்கூடிய ஆகப் பெரிய கேடு, யாராவது ஒருவர் அதை அப்படியே கடைப்பிடிப்பதுதான். எனக்கு அந்தக் கேடு என் அண்ணாவின் கலியாண நாளன்று வந்தது.

அப்போது நான் நியூசிலாந்தில், ஓக்லாந்தில் பழைய ஜப்பானின் அரச சாலைகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். (“றோட்டுப் போடுற படிப்போ?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. “இல்லை, ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திப் போட்ட றோட்டு” என்றால், துக்கம் விசாரிக்கிற மாதிரி அம்மாவைப் பார்ப்பார்கள்.) தலைநகரிலிருந்து மாகாணங்களுக்கு ஏழு பெருஞ்சாலைகள். வழிநெடுக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் களைக்காத குதிரைகள். ஆனால் அரசு கொடுத்த மணி கையில் இருந்தால்தான் குதிரை கிடைக்கும். மணியில் எத்தனை வெட்டு இருக்கிறதோ அத்தனை குதிரை.

இதை ஆவென்று கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் சிவராசா மாமா. ஊரில் முப்பது வருடம் ரயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். “எங்கட ஒற்றை லைனிலயும் உதுதான் தம்பி. றைவருக்கு நாங்கள் அனுமதி வளையம் குடுக்காட்டில் ரயில் அசையாது” என்றார். அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவருடைய மனைவி பத்மா மாமி நகரத்தின் தெற்குக் கோடியில், புக்கெகோஹியில் தையல் வேலை செய்கிறவர். அண்ணியின் கூறைச் சேலையும் அதற்கான சட்டையும் மாமியிடம் இருந்தன. கலியாணக் காலையில்தான் தைத்து முடியும் என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கே அங்கே இன்னொரு கலியாணப் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிற வேலையும் அவருக்கு. எங்கள் மண்டபமோ நகரத்தின் மறுகோடியில், ரானுயியில். பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். வீடே தலையில் கைவைத்து உட்கார, நான் எழுந்து நின்றேன். என் படிப்புக்கும் ஒரு பிரயோசனம் இருக்கிறதென்று காட்ட இதைவிட்டால் வேறு நாள் ஏது?

நாலு பக்கத் திட்டம், வரைபடத்தோடு. புக்கெகோஹியிலிருந்து பாதிவழியில் இருக்கிற விரி என்ற இடம் வரைக்கும் மாமா கொண்டுவருவார். விரியில் வெயர்ஹவுஸ் ஷிஃப்ட் முடித்து வருகிற என் மச்சான் குகன் அங்கே வாங்கி ரானுயிக்குக் கொண்டுவருவான். இதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுசன். மூன்றாம் பக்கத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. ‘மணி காட்டாத எவரிடமும் பொதியை ஒப்படைக்கக் கூடாது. உத்தரவிட்டவரே கேட்டாலும் கூடாது.’ கீழே என் கையெழுத்து. எங்கள் சாமியறை மணியை முதல்நாளே குகனிடம் கொடுத்தும் விட்டேன்.

கலியாணத்தன்று ஒன்பது மணிக்கு, ஐயர் மந்திரம் தொடங்கிய கையோடு குகனின் போன் வந்தது.

“மச்சான், இந்த மனுசன் கூறையைத் தரமாட்டாராம்!”

“மணியைக் காட்டன்ரா!”

“மணி எங்க இருக்கு? நேற்று உங்கட அம்மா கண்டிட்டா. ‘சாமி மணியை வெயர்ஹவுசுக்கோ கொண்டு போறாய், நாளைக்கு ஐயருக்கு வேணும்’ எண்டு பறிச்சுப் போட்டா.”

நிமிர்ந்து பார்த்தேன். என் ராஜமுத்திரை ஐயரின் இடக்கையில் கணகணவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“மாமாவிட்டப் போனைக் குடு. மாமா, நான்தான் கதைக்கிறன். குகனிட்டக் குடுங்கோ.”

“உத்தரவிட்டவரே கேட்டாலும் குடுக்கக் கூடாதெண்டு நீர்தானே எழுதித் தந்தனீர்?”

“ஐயோ, நான் எழுதினதை நானே மாத்திறன்!”

“போனிலயோ? ஆர் வேணுமெண்டாலும் உம்மட குரலில கதைக்கலாம்.”

“அப்ப நீங்களே இங்க கொண்டு வாங்கோ.”

“என்ர எல்லை விரியோட முடியுது. அனுமதியில்லாமல் மாகாணம் தாண்டுற அதிகாரிக்குத் தண்டனை எண்டு நீர்தானே சொன்னனீர்? அதோட மாமியும் அங்க நான் திரும்பி வருவனெண்டு பாத்துக்கொண்டிருக்கிறா.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாலு பக்கத்தையும் மென்று விழுங்கியிருப்பேன். கூறைத் தட்டைச் சபைக்குக் காட்டி ஆசீர்வாதம் வாங்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தட்டில் தேங்காயும் தாலியும் மட்டும் இருந்தன. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைக்க விருப்பமில்லை. மணப்பெண்ணின் அப்பா ஏற்கெனவே இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் மணவறையில் ஏறி, ஐயர் மணியடிக்கும்போது போனை அதற்குக் கிட்டப் பிடித்தேன்.

“மாமா, கேக்குதோ?”

“கேக்குது. எத்தினை குதிரைக்கு?”

“என்ன?”

“வெட்டைப் பாத்துச் சொல்லும். எத்தினை குதிரை?”

“ஒரு குதிரை! ஒரேயொரு குதிரை போதும் மாமா!” என்று கத்தினேன்.

ஐயரின் கழுத்தில் மைக் மாட்டியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மண்டபம் முழுக்க ‘ஒரேயொரு குதிரை’ எதிரொலித்தது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். மணப்பெண்ணின் அப்பா எழும்பி வந்து, “தம்பி, குதிரை எங்கட பக்கத்தால வாறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்று பயந்த குரலில் கேட்டார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார்.

கூறை பத்து மணிக்கு வந்தது. அண்ணி அதை எப்படி அவ்வளவு கெதியாக உடுத்தார் என்று தெரியாது. பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது. பெட்டிக்குள் கூறைக்கு மேல் மாமாவின் துண்டுக் கடிதம் ஒன்று: ‘பொதி ஒப்படைக்கப்பட்டது. மணி கண்ணால் காணப்படவில்லை, காதால் கேட்கப்பட்டது.’ கையெழுத்து, நேரம் எல்லாம் போட்டிருந்தார்.

கலியாண வீடியோவில் அந்த இடத்தை வெட்டச் சொல்லிக் காலில் விழாத குறை. அண்ணி விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்.

என் ஆராய்ச்சி நூலை, பரீட்சகர்களைத் தவிர, உலகத்தில் ஒருவர்தான் முழுதாக வாசித்திருக்கிறார். சிவராசா மாமா. (பென்சிலால் மூன்று பிழை கண்டுபிடித்துத் தந்தார். மூன்றும் சரி.) வாசிக்காத மற்றவர்களுக்கும் அந்த மணியைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர்கள் வீடுகளில் எனக்குத் தேத்தண்ணிகூட மணி இல்லாமல் கிடைக்காது.

போன கிழமை அண்ணாவின் ஐந்து வயது மகளிடம் ரிமோட்டைக் கேட்டேன். தமிழில் ஒரு வசனம் கேட்டால் நாலு வசனம் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “சித்தப்பா, மணி எங்க?” என்று சுத்தத் தமிழில் கேட்டாள்.

சாமியறைக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா மணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.