கெண்டைக்கால் பிடித்த பாலே பெண்கள்

கள்ளக்குறிச்சியில், கடை போர்டும் படமும் வரைவதால் ஊரே போர்டு பாய் என்று கூப்பிடுகிறவரின் கை படாத கடை என்று ஒன்று இருந்தால், அது இன்னும் கட்டப்படாத கடையாகத்தான் இருக்கும். பிரியாணிக் கடை ஷட்டரில் அவர் வரைந்த ஆட்டை நிஜ ஆடு ஒன்று நக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் ஊர்ப் பெருமையை என்னால் குறைத்துச் சொல்ல முடியாது.

என் மனைவி குழந்தைகளுக்கான கவுன் கடை திறக்க இருந்தாள். செல்போனில் ஒரு வெளிநாட்டு ஓவியத்தைக் காட்டி, "இதே மாதிரி கட்டவெரல்ல நின்னு பாலே ஆடற பொண்ணுங்க செவுத்துல வேணும் பாய்" என்றாள்.

"கட்டவெரல்லயா? எப்பிடிம்மா நிக்குதுங்க?" என்றவர், மறுநாள் தானே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அறுபது வயது மனுஷன், லுங்கியை மடித்துக் கட்டி, டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கியபடியே டீ குடித்தார்.

"இன்னா பாய், ஆணி குத்திக்கிச்சா?" என்றார் டீ மாஸ்டர்.

"எங்க வலிக்குதுன்னு பாத்துகினு இருக்கேன்பா. வலிக்கிற எடத்துலதான் படத்துல நெழலு வுடணும்."

மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வரைந்தார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சுவரை மூடியிருந்த துணியை விலக்கினார். ஒருத்திகூட ஆடவில்லை! ஒருத்தி குனிந்து செருப்பு நாடா கட்டுகிறாள். ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். நடுவில் இருப்பவள் பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள்.

"ஆடச் சொன்னா, அக்கடான்னு உக்காந்துகினு இருக்குதுங்களே பாய்! விடிஞ்சா கடை தெறப்பு, வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா?" மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன்ல தேடுனேம்மா. அந்தக் காலத்து வெள்ளக்காரரு ஒருத்தரு இப்பிடித்தான் நெறைய வரைஞ்சுருக்காரு. ஆடறத ஊரே பாக்குது. ஆடி முடிச்சு உக்கார்றத யாரு பாக்கறது? புடிக்கலன்னா சொல்லு, நானே வெள்ள அடிச்சுர்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, முகம் சுண்டிவிட்டது. ஆடும் கோழியும் வரைந்தே காலம் தள்ளியவர், முதன்முதலாகத் தன் மனசுக்குப் பிடித்து வரைந்த படம் அது. மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "அடிச்சுருங்க பாய்" என்றாள். அவர் வாளியில் வெள்ளை கலக்கினார்.

மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருவர், தலைமூட்டையோடு சுவர் முன்னால் நின்றார்.

"ஐய, இந்தப் பொண்ணுக்குக் கெண்டக்காலு இழுத்துக்கிச்சே! மலை ஏறி எறங்குனா எனக்கும் இங்கதான் இழுக்கும்" என்று சரியாக அந்த நிழலிலேயே விரலை வைத்தார்.

பாய் தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். மனைவி கிட்டே போய்ப் படத்திலிருந்த காலைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"வெள்ள வேணாம் பாய். கீழ உங்க பேர எழுதுங்க."

"எம் பேரா? எழுதிப் பழக்கம் இல்லயேம்மா!"

கோணல்மாணலாக எழுதினார். அவருக்கென்று ஒரு பேர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் "யாருங்க வரைஞ்சது?" என்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அந்தப் பேரைச் சொல்லிவிடுகிறாள், சொந்த அண்ணன் பேரைச் சொல்வது மாதிரி.