என்னை வெளியே நிறுத்திய விளையாட்டு வகுப்பு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். இது தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது. இந்தக் கோபம் இப்போது எனக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே கடிதம்.

உங்கள் தம்பி நடத்தும் விளையாட்டு வகுப்பிலிருந்து என் பெண்ணை, அதாவது உங்கள் மருமகளை, நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதை நீங்கள்தான் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவளுடைய சிக்கல் உங்களுக்குத் தெரியும். ஒன்பது வயதாகியும் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் போராடுகிறாள். நேராக வரும் பந்துக்கு, அது தாண்டிப் போன பிறகு கை நீட்டுகிறாள். மூளையிலும் குறையில்லை, தசையிலும் குறையில்லை, நடுவில் தகவல் போய்ச் சேரத்தான் தாமதமாகிறது என்றார் மருத்துவர். பள்ளியில் அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவது இவள்தான். இரண்டு வருடமாக விளையாட்டு பீரியட் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி. இந்த வகுப்பும் ஒத்துவராவிட்டால் இனி எந்த மைதானத்திலும் கால் வைக்கமாட்டாள் என்ற பயத்தில்தான், நீங்கள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் சேர்த்தேன்.

சேர்த்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது. பந்து பிடிக்கக் கற்றுத்தருவார் என்று பார்த்தால் பிடிக்கவே சொல்லவில்லை. ஏழு பிள்ளைகள். தரையில் வளையங்களைப் பரப்பி, "இது ஆறு, பந்து அக்கரைக்குப் போகணும்" என்கிறார். ஒருத்தி உருட்டுகிறாள், ஒருவன் முழங்கையால் தள்ளுகிறான், இன்னொருவன் பந்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறான். யாருக்காவது ஆட்டம் கஷ்டமாக இருந்தால் கையைத் தூக்கி ஒரு விதியை மாற்றலாமாம். மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் அதுவே சட்டமாம். "ஆட்டத்துக்காகப் புள்ளைய வளைக்கக் கூடாதுக்கா, ஆட்டத்தை வளைச்சுக்குவோம்" என்றார். நான் புள்ளியியல் கற்பிக்கிறவள். "அப்ப முன்னேற்றத்தை எப்படித் தம்பி அளக்கறது?" என்று கேட்டேன். "சிரிக்கிறாங்களான்னு பாருங்க" என்றார். அண்ணி, இது ஓர் அளவீடா?

ஆகவே அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வீட்டில் பயிற்சி வேண்டவே வேண்டாம் என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார், கேட்டேனா? தினமும் மாலை கூடத்தில் நாற்பது வீச்சு, நோட்டில் அட்டவணை. முதல் நாள் நாற்பதில் ஆறு பிடித்தாள், பத்தாம் நாள் நாலு. நடுவில் பூச்சாடி ஒன்று உடைந்தது (அது நான் எறிந்தது), கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து "மேல யானை ஏதும் வளக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார், என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ பந்து போடற மாதிரி இல்ல, வைவா பரீட்சை நடத்தற மாதிரி இருக்கு" என்றார். வகுப்பிலும் முன்வரிசை நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை. பந்து அவள் பக்கம் போகும்போது மட்டும் "கண்ணு, பந்தைப் பாரு" என்பேன். அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அவளிடம் பந்து வந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பந்து கால் நடுவே போய்ச் சுவரில் மோதியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மரமாக நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கையைத் தூக்கினாள். எட்டு வாரத்தில் முதல் தடவை.

"சொல்லுடா, எந்த ரூலை மாத்தணும்?" என்றார் உங்கள் தம்பி.

"அம்மா வெளியில நிக்கணும்."

"ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

ஆறு பேரும் தூக்கினார்கள். பந்தின்மேல் உட்காரும் பையன் இரண்டு கைகளையும் தூக்கினான். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "அக்கா... ரூல்னா ரூல்தான்" என்றார்.

நாற்பது நிமிடம் அண்ணி, நடைபாதையில். கதவில் கண்ணாடிகூட இல்லை. உள்ளே தொம்மென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. விழுந்தாளா, அழுகிறாளா, அழக்கூட முடியாமல் நிற்கிறாளா? கதவின் கைப்பிடியில் இரண்டு முறை கையை வைத்து எடுத்தேன். தரை துடைக்க வந்த அம்மாள், "வெளிய நிறுத்திட்டாங்களா? என்ன தப்பு பண்ணீங்க?" என்று பரிவோடு விசாரித்தார். இருபத்திரண்டு வருடமாக மாணவர்களை வெளியே அனுப்பி வந்த எனக்கு அவர்களில் ஒருவரிடம்கூட அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதில்லை. பிறகு உள்ளே ஒரே கூச்சல். எதற்கென்று இன்றுவரை தெரியாது. வரும் வழியில் "பிடிச்சியா? எத்தனை?" என்று கேட்டேன். "தெரியலம்மா, எண்ணல" என்றாள்.

எண்ணாத இடத்தில் என்ன கற்கப் போகிறாள்? அதனால்தான் இந்த முடிவு. என்னை வெளியே அனுப்பியதற்காக அல்ல, கொள்கைக்காக. வெள்ளிக்கிழமைக்குள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் உடம்பும் மனசும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மருமகள் வந்து, "சனிக்கிழமை கிளாஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டாள். இதுவரை எந்த விளையாட்டு வகுப்பைப் பற்றியும் அவள் கேட்டது "இன்னிக்கு லீவா?" என்று மட்டும்தான். பத்து மணி என்றேன். "ஒம்பதரைக்கே போயிடலாமா?" என்றாள். ஆகவே மேலே நலம் விசாரித்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். தம்பியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம், அதையும் கேட்காதீர்கள்.